முதல் டிஎஸ்எல்ஆர்: எதைப் படிப்பது, எதைத் தள்ளிவைப்பது

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள், கேனான் 1500டி என்ற டிஎஸ்எல்ஆர் கேமராவை 18–55 மிமீ ஜூம் லென்ஸோடு பழையதாக வாங்கியிருப்பதாகவும், ஆட்டோ முறையில் வைத்து எடுத்தால் கைபேசிப் படத்தைவிட மங்கலாக வருவதாகவும், காணொளிகளைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுவதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். எந்த யூடியூப் சேனல், எந்தப் புத்தகம், புதுச்சேரியில் பணம் கட்டி ஏதாவது வகுப்பில் சேரலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தாலும், உள்ளே இருப்பது ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. கொட்டிக் கிடக்கும் பாடங்களில் எதை முதலில் எடுப்பது, அது மண்டையில் ஏறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதே அது.

பதிலுக்குள் போகுமுன் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஃபிலிம் காலத்தில் கடலூரில் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளனாகத் தொடங்கி, கல்யாண வேலையிலும் பத்திரிகை வேலையிலும் நெடுங்காலம் இருந்தவன் நான். இப்போது வார இறுதிகளில் புதுச்சேரியில் சிலருக்குச் சொல்லித்தருகிறேன். ஆகவே கட்டண வகுப்புகளைப் பற்றி நான் சொல்வதை அந்த உண்மையையும் மனத்தில் வைத்துப் படியுங்கள். பறவை, காட்டுயிர், வானப் படங்கள் ஆகியவற்றில் எனக்குப் பழக்கமில்லை. பிச்சாவரத்துக்கும் ஊசுடு ஏரிக்கும் நீண்ட லென்ஸோடு போகிறவர்களிடம்தான் அவற்றைக் கேட்க வேண்டும்.

கைபேசியைவிட மோசமாக வருகிறது என்ற உங்கள் வருத்தத்துக்குக் காரணம் கேமராவின் பழுதாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய கைபேசி ஒரு தடவை தொட்டால் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, இருட்டைத் தூக்கி, வானத்தை அடக்கி, முகத்தைத் தெளிவாக்கித் தந்துவிடுகிறது. டிஎஸ்எல்ஆர் ஒரு தடவை அழுத்தினால் ஒரே படத்தைத்தான் எடுக்கும். முடிவுகளில் பெரும்பகுதியை எடுப்பவரிடம் விட்டுவிடும். பழைய கேமரா என்பதால் வேறு இரண்டையும் பாருங்கள். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் இருக்கும் சிறு குமிழை முன்பு வைத்திருந்தவர் தம் கண்ணுக்கு ஏற்றபடி திருப்பியிருப்பார். உள்ளே தெரியும் எழுத்துகள் உங்கள் கண்ணுக்குக் கூர்மையாகும்வரை அதைத் திருப்புங்கள். பிறகு மெனுவில் எல்லா அமைப்புகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வசதியைப் பயன்படுத்துங்கள். யாரோ வைத்துவிட்டுப் போன அமைப்புகளோடு பாடம் படித்தால், காணொளியில் சொல்வதும் உங்கள் கையில் நடப்பதும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

நான் சிபாரிசு செய்யும் முதல் பாடநூல் உங்கள் கேமராவின் கையேடு. பெட்டியோடு வரும் மெல்லிய தாளைச் சொல்லவில்லை. கேனான் தளத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடினால் முழுக் கையேடு பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கும். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை யாரும் படிப்பதில்லை, நீங்களும் படிக்க வேண்டாம். ஃபோகஸ் பற்றிய பகுதியையும், ஏவி (லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை நாம் வைப்பது), டிவி (வெளிச்சம் விழும் நேரமான ஷட்டரை நாம் வைப்பது), எம் (இரண்டையும் நாமே வைப்பது) என்ற மூன்று முறைகளைப் பற்றிய பகுதியையும், படத்தைத் திரும்பப் பார்க்கும்போது வரும் விவரங்களைப் பற்றிய பகுதியையும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள். உங்கள் கேமராவில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள் உண்டு; ஆட்டோவில் எதன்மேல் ஃபோகஸ் செய்வது என்பதைக் கேமராவே தீர்மானிக்கும், பெரும்பாலும் அருகில் இருப்பதையே பிடித்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் செடி தெளிவாகவும் பின்னால் நிற்கும் ஆள் மங்கலாகவும் வருவது இதனால்தான். நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்ணின் மேல் வைத்து, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, சட்டகத்தைச் சரிசெய்து, பிறகு முழுதாக அழுத்தும் பழக்கம் வந்துவிட்டால், மங்கல் என்று நீங்கள் சொல்லும் படங்களில் பாதிக்கு மேல் அன்றே காணாமல் போகும் என்று எதிர்பார்க்கிறேன்.

காணொளிகளில் வரும் குழப்பத்துக்கு ஒரு தனிக் காரணம் உண்டு; அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேனானும் நிக்கானும் 2020க்குப் பிறகு தங்கள் புதுக் கேமராக்களை எல்லாம் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைக்கு மாற்றிவிட்டதால், அண்மைக் காலப் பாடங்கள் பெரும்பாலும் அவற்றை வைத்தே எடுக்கப்படுகின்றன. மிரர்லெஸ் கேமராவின் வியூஃபைண்டரில் தெரிவது ஒரு சிறு மின்திரை; அப்பர்ச்சரையோ ஷட்டரையோ மாற்றினால் படம் வெளுப்பதும் கறுப்பதும் அதிலேயே தெரியும். உங்கள் கேமராவில் கண்ணாடியும் ஐங்கோணக் கண்ணாடிக் கூண்டும் வழியாக வரும் நேர் வெளிச்சத்தைப் பார்க்கிறீர்கள். எதை எப்படி மாற்றினாலும் அங்கே காட்சியின் வெளிச்சம் மாறாது. "திருப்பும்போதே பாருங்கள், எவ்வளவு இருட்டாகிறது" என்று ஒருவர் சொல்ல, உங்கள் கண்ணில் ஒன்றுமே நடக்காவிட்டால் தவறு உங்களுடையதன்று. அந்த மாற்றத்தைப் பார்க்க விரும்பினால் லைவ் வியூவைப் போட்டுப் பின்திரையில் பாருங்கள். ஆகவே ஒரு பாடத்தைத் தொடங்குமுன் அது எந்த ஆண்டுக்குரியது, சொல்பவர் கையில் எந்த வகைக் கேமரா இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த டிஎஸ்எல்ஆர் பாடங்கள் பழையவை என்பதால் பயனற்றவை ஆகிவிடவில்லை. வெளிச்சத்தின் கணக்கு மாறவே இல்லை.

அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள, இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டைத் தயங்காமல் சொல்வேன். ஒன்று, மார்க் லெவாய் என்ற பேராசிரியரின் டிஜிட்டல் புகைப்பட விரிவுரைகள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய பாடத்தை 2016இல் கூகுள் ஊழியர்களுக்காக மறுபடி எடுத்தபோது, 18 விரிவுரைகளையும் பதிவு செய்து யாரும் பார்க்கும்படி யூடியூபில் வைத்தார்கள். உங்களை வருத்தப்படுத்தும் அந்தக் கைபேசிப் படங்களுக்குப் பின்னால் இருக்கும் பல படச் சேர்க்கை முறையைக் கூகுளின் பிக்ஸல் கைபேசிக்காக வளர்த்த குழுவை வழிநடத்தியவரும் இவர்தான் என்பது ஒரு வேடிக்கை. கணிதம் சற்று வரும். முதல் சில விரிவுரைகளை மட்டும் பார்த்தாலே லென்ஸும் அப்பர்ச்சரும் என்ன செய்கின்றன என்பது தெளிவாகும், மற்றவற்றை ஆறப்போடலாம். மற்றொன்று, கேம்பிரிட்ஜ் இன் கலர் என்ற தளத்தில் ஷான் மெக்ஹியூ எழுதிய பாடங்கள். எளிய ஆங்கிலம், ஒவ்வொன்றுக்கும் படம், விளம்பரப் பேச்சு இல்லை. தமிழில் படிக்க விரும்பினால், "தமிழில் புகைப்படக்கலை" என்ற வலைப்பூவில் நம்மவர்கள் பலர் சேர்ந்து எழுதிய பாடங்களைத் தேடிப் படியுங்கள். மாதந்தோறும் ஒரு தலைப்பில் போட்டி வைத்துப் படங்களை வாங்கி அலசிய இடம் அது. அந்த அலசல்களைப் படிப்பது பாடத்தைப் படிப்பதைவிடக் கூடுதலாகக் கற்றுத்தரும் என்பது என் எண்ணம். தமிழ் யூடியூப் சேனல்களில் நல்லவையும் உண்டு, ஆனால் பெயர் சொல்லிச் சிபாரிசு செய்வதைவிட ஓர் அளவுகோலைத் தருகிறேன்: பத்து நிமிடக் காணொளியில் எத்தனை நிமிடம் எடுக்கப்பட்ட படம் திரையில் இருக்கிறது, எத்தனை நிமிடம் கேமராப் பெட்டி திரையில் இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியே அதிகம் என்றால் அது கடைக்குப் போகிறவருக்கான காணொளி. உங்களுக்கு அந்த வேலை முடிந்துவிட்டது.

இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு பாடம் கேட்டால் அதைக் கேமராவில் செய்து பார்க்காமல் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்து பார்ப்பதற்கு உங்கள் ஊரைப் போல வசதியான இடம் குறைவு. மேகமில்லாத நாளில், வெயில் நன்றாக ஏறிய பிறகு, தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய், எம் முறையில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, அப்பர்ச்சர் எஃப் 16 (எண் கூடினால் திறப்பு சிறுக்கும்), ஷட்டர் 1/100 நொடி என்று வைத்து ஒரு படகை எடுங்கள். வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைப் பார்க்காமலே படம் ஏறத்தாழச் சரியாக வரும். ஃபிலிம் காலத்தில் மீட்டர் இல்லாத கேமராக்களோடு நாங்கள் பிழைத்தது இந்தக் கணக்கை நம்பித்தான். அடுத்து எஃப் 11க்கு 1/200, எஃப் 8க்கு 1/400 என்று மாற்றி அதே படகை எடுத்து, மூன்றையும் வீட்டில் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் ஒன்றாகவே இருக்கும், பின்னணியின் தெளிவு மட்டும் மாறியிருக்கும். பிறகு டிவி முறைக்குப் போய் அலையை 1/1000இல் எடுங்கள், துளிகள் அந்தரத்தில் நிற்கும். அதே அலையை 1/15இல் எடுத்தால் பால் போல இழுபட்டு வர வேண்டும். ஆனால் அந்த வெயிலில் அது முடியாது, அப்பர்ச்சர் எண் கண் சிமிட்டும், படம் வெளுத்துப் போகும். ஏன் முடியவில்லை என்று மேலே சொன்ன கணக்கை வைத்து நீங்களே கண்டுபிடித்துவிட்டால், வெளிச்சப் பாடத்தில் பாதி முடிந்தது என்று கொள்ளலாம். அதே படத்தைப் பொழுது விடியுமுன் போய் எடுத்துவாருங்கள்.

மறுபாதி மீட்டரின் குணம். கேமராவின் மீட்டருக்கு எதிரில் இருப்பது என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே அது பார்க்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த தெருக்களுக்குப் போய், ஒரு வெள்ளைச் சுவர் சட்டகம் முழுதும் நிறையும்படி ஏவி முறையில் எடுங்கள், சுவர் அழுக்குச் சாம்பலாக வரும். பிறகு திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலின் வெளிப்புறத்தில் நிழலில் இருக்கும் கருங்கல்லை எடுங்கள், கல் வெளிறிச் சாம்பலாக வரும். பின்புறம் இருக்கும் ஏவி குறியிட்ட பட்டனை அழுத்திக்கொண்டே சக்கரத்தைத் திருப்பி, சுவருக்குக் கூட்டல் 1, கல்லுக்குக் கழித்தல் 1 என்று வைத்து மறுபடி எடுத்தால் வெள்ளை வெள்ளையாகும், கறுப்பு கறுப்பாகும். வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் மாப்பிள்ளையும், மணல்மேட்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பமும் இருட்டாக வருவது ஏன் என்று இனி நீங்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. இந்த ஒரு பயிற்சியைச் செய்யாமல் ஆண்டுக்கணக்காகக் கேமரா பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் லென்ஸைப் பற்றியும் ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும். அதன் முகப்பில் 3.5–5.6 என்று எழுதியிருக்கும்: 18இல் வைத்தால் எஃப் 3.5 வரை திறக்கும், 55க்கு இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதாவது இழுத்த நிலையில் உள்ளே வரும் வெளிச்சம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு குறைந்துவிடும். கல்யாண மண்டபத்தில் மேடையை இழுத்து எடுக்கும் படங்கள் மட்டும் ஆடிப்போய் வருவதற்குக் காரணம் இதுவே. ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள், அல்லது இழுக்காமல் அருகில் போங்கள்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. யார் செய்து பார்த்தாலும் அப்படியே வரும். இனிச் சொல்பவை கருத்துகள், அவற்றை ஆசிரியர்கள் சட்டம் போலச் சொல்வதால்தான் எச்சரிக்கிறேன். எம் முறையில் எடுப்பவரே உண்மையான புகைப்படக்காரர் என்பார்கள்; கணக்கைப் புரிந்துகொள்ள எம் நல்ல பயிற்சி, ஆனால் வேலையில் நான் பெரும்பாலும் ஏவியில்தான் எடுத்தேன், என்னுடன் வேலை செய்தவர்களில் பலரும் அப்படியே. ரா வடிவில் (கேமரா திருத்தாமல் பதியும் கோப்பாக) மட்டுமே எடுக்க வேண்டும் என்பார்கள். பின்னால் திருத்த அது கூடுதல் இடம் தருவது மெய், ஆனால் தவறு எங்கே என்று தெரியவேண்டிய ஆரம்ப மாதங்களில், கேமராவே முடித்துத் தரும் வழக்கமான படக்கோப்பான ஜேபெக் உங்கள் தவறை மறைக்காமல் காட்டும், ஆகவே இரண்டையும் சேர்த்துப் பதியும்படி வைத்துக்கொண்டு ஜேபெக்கை மட்டும் பாருங்கள். சட்டகத்தை மூன்றாகப் பிரித்து ஆளை ஓரக்கோட்டில் நிறுத்தும் விதியைப் பற்றி எனக்கு அரைமனம்தான். எல்லாவற்றையும் நடுவில் வைக்கும் பழக்கத்தை உடைக்க அது உதவும். அதற்குமேல் அதனால் ஒரு நல்ல படம் பிறந்ததாக என்னால் சொல்ல முடியவில்லை.

சட்டகத்தை அமைக்கக் கற்க விதிகளைவிட நல்ல வழி, நல்ல படங்களை நிறைய, மெதுவாகப் பார்ப்பது. அதற்கு நம் ஊரிலேயே பிடி இருக்கிறது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரி ஆசிரமத்துக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரையும் அன்னையையும் படமெடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று அரவிந்தர் மறைந்தார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள்; அவர் இந்தியாவில் எடுத்த மற்ற படங்களை, புகைப்படக்காரர்களின் கூட்டு நிறுவனமான மேக்னத்தின் தளத்தில் பாருங்கள். அவர் பெரும்பாலும் 50 மிமீ லென்ஸ் ஒன்றையே வைத்து வேலை செய்தவர். உங்கள் கேமராவின் சென்சார் ஃபிலிமைவிடச் சிறியது என்பதால், அந்தப் பார்வைக் கோணம் உங்களுக்கு 31 மிமீ அருகில் கிடைக்கும். லென்ஸில் 35 என்ற குறிக்குச் சற்று முன்னால் வளையத்தை வைத்து, ஒரு வாரம் அதை நகர்த்தாமல், கால்களால் மட்டும் தூரத்தை மாற்றி எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படச் சேகரிப்பு. தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பல பத்தாண்டுகளாக ஒழுங்காகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள்; பக்கவாட்டு வெளிச்சத்தில் கல்லின் செதுக்கு எப்படி எழுந்து நிற்கிறது என்று அவற்றில் படிக்கலாம். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களைத் தேடிப் பதிவு செய்த ஆய்வும் அங்கிருந்து நடந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் அவை டிஜிட்டலாக்கப்பட்டன. கண்ணாடிக் கூரை வழியே வரும் ஒரே வெளிச்சத்தை வைத்து அந்த ஸ்டூடியோக்காரர்கள் முகத்தை எப்படி வார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தால், ஃபிளாஷ் வாங்கும் ஆசை சற்றுத் தணியும்.

வகுப்பில் சேரலாமா என்பதற்கு என் பதில், இப்போது வேண்டாம், மூன்று நான்கு மாதம் கழித்துச் சேருங்கள் என்பதே. அப்பர்ச்சரும் ஷட்டரும் என்னவென்று சொல்வதற்கு ஆசிரியருக்குப் பணம் கொடுப்பது வீண். அது இலவசமாகக் கிடைக்கிறது. ஆசிரியரிடம் மட்டும் கிடைப்பது உங்கள் படத்தைப் பார்த்து அவர் சொல்லும் நான்கு வார்த்தை. ஆகவே சேருமுன் மூன்று கேளுங்கள்: என் படங்களை வாரந்தோறும் பார்த்துச் சொல்வீர்களா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், வெளியே அழைத்துப் போவீர்களா. முதல் கேள்விக்குத் தடுமாறினால் சான்றிதழ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். செலவில்லாத இன்னொரு வழி, உங்கள் பகுதியில் மதிப்புள்ள ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் போய், லைட் பிடிக்க வருகிறேன் அண்ணா என்று கேட்பது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்கும், அப்போது அறிமுகம் செய்துகொண்டால் தையில் கூப்பிடுவார்கள். லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வெளிச்சம் ஓர் அடி நகர்ந்தால் மூக்கின் நிழல் எங்கே போகிறது என்பதைப் பார்க்கலாம். அதை எந்தக் காணொளியிலும் என்னால் காட்ட முடியவில்லை.

கடற்கரை ஊரில் கேமரா வைத்திருப்பவருக்கு எந்தப் பாடத்திலும் வராத சில எச்சரிக்கைகள். வியூஃபைண்டர் வழியே சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். உங்கள் கேமராவில் லென்ஸ் திரட்டிய வெளிச்சம் அப்படியே கண்ணுக்கு வரும், விழித்திரை கெட்டுவிடும். கடலில் சூரியன் எழுவதை எடுக்க லைவ் வியூவில் பின்திரையைப் பயன்படுத்துங்கள். கடற்காற்று அடிக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து உப்பை எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் தோல் உறையில் பூட்டி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது போதும். மீனவர்களையும் கோயிலில் கும்பிடுபவர்களையும் கேட்டுவிட்டு எடுங்கள். ஆள் நடமாட்டத்தோடு பயிற்சி செய்ய, மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டி விடாத புதுச்சேரிக் கடற்கரைச் சாலை வசதியானது. கேமரா அங்கே யாருக்கும் புதிதில்லை. மாசி மகக் கூட்டத்துக்கு இந்த ஆண்டே போய்த் தடுமாற வேண்டாம்.

அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கான விடை உங்கள் மெமரி கார்டில் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் எந்த மிமீ, எந்த அப்பர்ச்சர், எந்த ஷட்டர், எந்த ஐஎஸ்ஓ என்பதெல்லாம் பதிவாகும். கேனான் இலவசமாகத் தரும் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் மென்பொருளில் அவற்றைப் பார்க்கலாம். நான்கு மாதம் கழித்து, உங்களுக்கே பிடித்த நூறு படங்களை மட்டும் தனியே எடுத்து வைத்து அந்த எண்களைப் படியுங்கள். பெரும்பாலானவை 55இல் முட்டிக்கொண்டு நின்றால் 55–250 லென்ஸைப் பற்றி யோசிக்கலாம், 18இல் நின்றால் 10–18. ஐஎஸ்ஓ எப்போதும் 3200க்கு மேலே போயிருந்தால் 50 மிமீ எஃப் 1.8 வாங்குங்கள், உங்கள் லென்ஸ் 55இல் விடும் வெளிச்சத்தைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு அது விடும். எண்கள் எங்கும் குவியாமல் பரவிக் கிடந்தால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம்.